சடையாண்டியின் முறைத் தண்ணீர்

எனக்கு ஏசி ஆகாது, தாயி. கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், மூக்கு அடைத்துக்கொள்ளும், பிறகு தும்மல் தொடங்கிவிடும். அந்த மெஷினை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிட்டீர்கள் என்றால், சொல்ல வந்ததைத் தும்மாமல் சொல்லி முடிப்பேன். ஏசி ஆகாத ஒருத்தி ஒரு ஓட்டைப் படகுக்குள் ஏசி வைக்க இத்தனை பாடுபட்டாளா என்று நீங்கள் சிரித்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். வடமதுரை ரோட்டில் எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன்.

உங்கள் காக்கிச் சட்டையில் மலர்விழி என்று பெயர் இருக்கிறது. அன்றைக்குக் கிணற்றடியில் வெயிலில் நின்றபடியே எழுதிக்கொண்டிருந்தீர்கள். முகமெல்லாம் சிவந்துவிட்டது. மோர் கொடுத்தனுப்பினேன், குடித்தீர்களா தெரியவில்லை. நன்றாகத்தான் எழுதியிருந்தீர்கள். சடையாண்டி என்கிற விவசாயி பங்குக் கிணற்றில் இறங்கி வேலை பார்த்தபோது, தன் கவனக்குறைவால் மின்சாரம் தாக்கி இறந்துபோனார் என்று. அதில் ஒரு பிழை இருக்கிறது. கவனக்குறைவு என்கிற அந்தச் சொல். அதை எடுத்துவிடச் சொல்லத்தான் வந்தேன். ஒரு சொல்லை எடுக்க இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வர வேண்டுமா என்று நினைப்பீர்கள். அந்தச் சொல்லை எடுக்க வேண்டுமென்றால் படகிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. டீயைக் குடியுங்கள், ஆறிப்போகும்.

என் வீட்டுக்காரர் முகமது பாரூக் திண்டுக்கல்லில் தோல் வியாபாரம் பார்த்தவர். அவர் மவுத்தான பிறகு, வடமதுரை தாண்டி ரோட்டோரத்தில் அவர் வாங்கிப் போட்டிருந்த நிலத்தில் நான் ஒரு பிரியாணிக் கடை போட்டேன். தகரக் கொட்டகைதான். லாரிக்காரர்கள், மில் ஷிப்ட் முடிந்து போகிறவர்கள், திருச்சிக்குக் காரில் போகிற குடும்பங்கள் எல்லோரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார வேண்டும். புர்கா போட்டு வருகிற பெண் பிள்ளைகள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சாப்பிடுவார்கள். சுவருக்குப் பிரியாணி பரிமாறுகிற மாதிரி இருக்கும் எனக்கு. இவர்களுக்கு ஒரு தனி அறை வேண்டும், அதில் குளிர்ச்சி வேண்டும் என்று நினைத்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் இந்தக் காரணத்தைத்தான் சொன்னேன். இது பொய்யும் இல்லை.

இன்னொரு காரணம் என் ஓரகத்தி ரம்ஜான் பீவி. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. அவர்களுக்குத் திண்டுக்கல் டவுனுக்குள் பெரிய கடை. அதில் ஏசி ஹால் கட்டித் திறந்தபோது என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். புதுப் புடவை கட்டிக்கொண்டு போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஏ நஸீரா, நீ அடுப்படிக் கதவோரமா போயி உக்காருடி. வெயில்லயே கெடந்த ஒடம்பு ஒனக்கு. ஏசி ஆகாது" என்றாள் ரம்ஜான் பீவி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு எழுந்தேன். எழுந்த கையோடு தும்மிவிட்டேன். அதற்கு இன்னொரு முறை சிரித்தார்கள். அவள் சொன்னது உண்மை என்று என் மூக்கே அங்கே சாட்சி சொல்லிவிட்டது. உண்மை சொன்ன ஒருத்தியை மன்னிக்கக் கொஞ்ச காலம் பிடிக்கிறது. இப்போது என் மனதில் ஒன்றும் இல்லை.

படகு என் தம்பி நியாஸ் மூலமாக வந்தது. அவன் பழைய இரும்புக்கடை வைத்திருக்கிறான். கொச்சியில் யாரோ பணக்காரர்களைச் சவாரி ஏற்றிய மோட்டார் படகு, வயதாகிப்போய்க் கரையில் கிடந்தது. இஞ்சினுக்காக அதை எடுத்தான். இஞ்சினைக் கழற்றி விற்ற பிறகு, மூக்கு நீண்ட ஒரு வெள்ளைக் கூடு மிச்சம். நடுவில் கண்ணாடி வைத்த கேபின், உள்ளே எதிரும் புதிருமாக மெத்தை போட்ட பலகைகள், நடுவில் ஒரு மேசை. எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. டவுன் ஹாலில் ஏசி யாரும் வைக்கலாம். கப்பலுக்குள் பிரியாணி யார் போடுவார்கள்?

லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த டிரைவர் எங்கள் கடை வாசலில் நிறுத்திக் கீழே இறங்கி நாலு பக்கமும் பார்த்தார். "கடல் எந்தப் பக்கம்னு சொல்லுங்கம்மா, எறக்கிட்டுப் போறேன்" என்றார். பக்கத்துத் தோட்டத்திலிருந்து சடையாண்டியின் மனைவி பொன்னழகு இடுப்பில் பூக்கூடையோடு வந்து நின்றாள். "மழையே பேயாத ஊருக்குக் கப்பல் வந்திருச்சு. இனி திமிங்கிலம்தான் பாக்கி" என்றாள். அன்றிலிருந்து எனக்குக் கப்பக்காரம்மா என்று பெயர். கூப்பிட்டால் திரும்பியும் பார்த்தேன். பிடித்துத்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

சிமெண்டு மேடை கட்டி அதன்மேல் படகை உட்காரவைத்தோம். முதல் கோடையிலேயே தெரிந்துவிட்டது, அது அறை இல்லை, அடுப்பு. பைபர் சுவர் ஒற்றைத் தோல். மேலே வெயில் இறங்கினால் உள்ளே தலையில் இறங்கும். என் வீட்டுக்காரர் காலத்துத் தோல் துண்டுகள் குடோனில் கிடந்தன. அவற்றுக்குள் தெர்மாகோல் வைத்துச் சுவரெல்லாம் ஒட்டினேன். பார்க்க ராஜா வீடு மாதிரி இருந்தது. மத்தியானம் ஆனதும் தோல் வியர்த்து, உள்ளே ஒரு மாடு செத்துக் கிடக்கிற மாதிரி வாசம். குடும்பத்தோடு உள்ளே போனவர்கள் குடும்பத்தோடு வெளியே வந்து, சுவரைப் பார்த்தே சாப்பிட்டுக்கொள்கிறோம் என்றார்கள்.

ஏசி வைக்க ஆண்டனிராஜைக் கூப்பிட்டேன். நாகல் நகர்ப் பக்கம் கடை வைத்திருக்கிற பையன், நல்ல மெக்கானிக். கேபினுக்குள் தவழ்ந்து தவழ்ந்து ஒரு பகல் முழுக்க அளந்தான். தலையை எத்தனை முறை இடித்தான் என்று அந்தத் தலைக்குத்தான் தெரியும். படகில் நேரான சுவர் ஒன்றுகூட இல்லை. கூரையில் ஓட்டை போட்டு மேலே உட்காரவைக்கலாம், ஆனால் மழை பெய்தால் ஒழுகும் என்றான். மழை பெய்தால் தோசை சுட்டுக் கொண்டாடுவோம் அப்பு, ஆனாலும் கூரையில் பெட்டி வேண்டாம், அசிங்கமாக இருக்கும் என்றேன். பிறகு மெத்தைப் பலகைக்கு அடியில் பார்த்தான். அங்கே ஏற்கெனவே ஒரு பழைய ஏசி இருந்தது, துருப்பிடித்து, எலிக்கூடாகி.

"இது கடல்ல கெடக்குற படகுக்குன்னே செஞ்ச ஏசிம்மா" என்றான். "அடியில ஒரு ஓட்ட வழியா தண்ணிய இழுக்கும். சூட்டை அந்தத் தண்ணியில ஏத்தி, பக்கத்து ஓட்ட வழியா வெளிய ஊத்திரும். சுத்தித் தண்ணி கெடந்தா பிரச்சனையில்ல. இங்க எதக் குடிக்கும்?"

"ஊத்துமா? வெளியே நிற்கிறவர்களுக்குத் தெரிகிற மாதிரியா?" என்று கேட்டேன்.

"வெலாப்புறத்துல ஓயாம ஊத்திக்கிட்டே இருக்கும்."

"அது போதும்" என்றேன்.

அவன் சிரித்தான். "வெளையாடாதீகம்மா. வீட்டு ஏசி ஒண்ண உள்ள மாட்டி, வெளி மெஷினப் பின்னாடி ஸ்டாண்டு அடிச்சு வச்சிர்றேன். சொட்டுத் தண்ணி வேணாம். நாளைக்கே ஓடும்."

தாயி, அவன் சொன்னதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அவன் மேல் ஒரு குற்றமும் கிடையாது. சொட்டுத் தண்ணீர் வேண்டாத வழியைத்தான் அவன் முதலில் சொன்னான். எனக்கோ காதுக்குள் ரம்ஜான் பீவியின் குரல் கேட்டது. 'ஏன்டி நஸீரா, கப்பலுக்கு முதுகுல கட்டி கெளம்பிருக்கா?' என்று. அவள் அப்படிச் சொல்லவே இல்லை. அவள் அப்போது வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்திருப்பாள். அவள் சொல்லப்போவதை எல்லாம் அவளுக்கு முன்னால் நானே எனக்குச் சொல்லிக்கொள்கிற பழக்கம் வந்திருந்தது. அவளுக்குச் சம்பளமில்லாத வேலைக்காரி மாதிரி.

தூத்துக்குடியில் சொல்லிவைத்து அதே வகை ஏசி ஒன்றைப் பிடித்தோம். மெத்தைப் பலகைக்கு அடியில் வைத்தான் ஆண்டனிராஜ். முதல் நாள் குளிர் காற்று தரையோடு ஓடியது. வந்தவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே கொடைக்கானல், கழுத்துக்கு மேலே வேடசந்தூர். ஒரு அம்மாள் காலில் சால்வையைச் சுற்றிக்கொண்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டார். பிறகு வளையும் குழாய் ஒன்றை அலமாரிக்குள் விட்டு மேலே கொண்டுபோய்க் காற்றுவாயைக் கூரையோரம் வைத்தான். அப்புறம் டீசல் வாசம். இஞ்சின் இருந்த பள்ளத்திலிருந்து மெஷின் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. பள்ளத்துக்கு அப்பால் என் அடுப்படி. டீசலோடு வெங்காயம் வதக்குகிற புகையும் சேர்ந்து, குளிரூட்டப்பட்டு, விருந்தாளி முகத்தில் வீசியது. பலகை வைத்து, ரப்பர் வைத்து, இண்டு இடுக்கெல்லாம் அடைத்தான். கேபின் காற்றையே மெஷின் மறுபடி மறுபடி எடுத்துக் குளிர்விக்க வேண்டும், வெளிக்காற்று ஒரு இழை உள்ளே வரக் கூடாது என்று பாடம் நடத்தினான். கடைசியில் ஒரு நாள் கண்ணாடியில் பனி படிந்தது. நான் உள்ளே போய் உட்கார்ந்து ஆசை தீரத் தும்மினேன்.

அதற்குக் குடிக்கக் கொடுக்கிற தண்ணீர்தான் பாக்கி. முதலில் ஒரு சிண்டெக்ஸ் தொட்டி வைத்து அதே தண்ணீரைச் சுற்றவிட்டோம். நம்மூர் வெயிலுக்குத் தொட்டித் தண்ணீர் மத்தியானத்துக்குள் காயவைத்த வெந்நீராகி, ஏசி மூச்சு முட்டி நின்றுவிட்டது. கிணற்றுத் தண்ணீர்தான் கோடையிலும் குளிர்ந்திருக்கும். அங்கிருந்து நேராகக் குழாய் போட்டேன்.

கிணறு முழுவதும் என்னுடையது இல்லை. என் வீட்டுக்காரர் அந்த நிலத்தைச் சடையாண்டியின் சித்தப்பாவிடம் வாங்கினார். நிலத்தோடு கிணற்றில் பாதிப் பங்கும் வந்தது. ஒரு நாள் எங்கள் முறை, மறு நாள் சடையாண்டி முறை. இதில் பத்திரத்தைவிடப் பேச்சுக்கு மரியாதை அதிகம். ஒருவர் முறையில் இன்னொருவர் மோட்டாரைத் தொட்டால் அது வீட்டுக்குள் புகுந்து சோற்றுப் பானையைத் தொட்ட மாதிரி. நான் கடைக்கு மட்டும் தண்ணீர் எடுத்தவரை என் முறையிலேயே பாதி மிஞ்சி அவருக்குப் போகும். சடையாண்டி அதில் சம்பங்கி வைத்திருந்தார். விடியலில் பறித்துத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார்.

ஏசி ஓடத் தொடங்கியபின் என் முறை எனக்கே போதவில்லை. அது மட்டுமில்லை, விருந்தாளிகள் முறை பார்த்து வருவதில்லை. சடையாண்டியிடம் போய்க் கேட்டேன். "மத்தியானம் மட்டும் போட்டுக்கங்கக்கா" என்றார். பொன்னழகு உள்ளேயிருந்து, "எங்க முறையில ஒங்க கப்பல் குளிக்குதாக்கும்?" என்றாள். "கப்பலுக்கும் தாகம் எடுக்குமில்ல, விடு புள்ள" என்று அவர் சிரித்தார். அவர் அப்படிப்பட்ட மனிதர். கொடுத்துவிட்டுக் கொடுத்ததற்குத் தானே வெட்கப்படுவார்.

எடுத்த தண்ணீரை நான் வீணாக்கவில்லை. படகின் விலாவிலிருந்து ஊற்றுகிற தண்ணீரை வாய்க்கால் வெட்டி அவர் சம்பங்கிக்கே அனுப்பினேன். நான் எடுத்தது குளிர்ச்சியை மட்டும்தான், தண்ணீரை இல்லை என்று சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் பொன்னழகு வாய்க்காலில் கைவிட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். "செடிக்கு வெந்நி வச்சு ஊத்துறீகளா? என்ன, அது பிள்ள பெத்த செடியா?" என்றாள். சம்பங்கி இலை நுனி கருகத் தொடங்கியிருந்தது. வெயிலுக்குக் கருகுகிறது என்றேன். அவளும் வெயிலை அண்ணாந்து பார்த்தாள்.

சித்திரையில் கிணற்று மட்டம் இறங்கிக்கொண்டே போனது. தண்ணீருக்குள் கிடக்கிற மோட்டார் காற்றை இழுக்கும், குழாயில் தண்ணீர் நிற்கும், ஏசி பட்டென்று அணைந்துவிடும். இந்த நிலைமையில்தான் ரம்ஜான் பீவி தன் மகளைக் கட்டிக்கொடுத்த புதுச் சம்பந்தி வீட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியனுப்பினாள். கப்பலைப் பார்க்க ஆசைப்படுகிறார்களாம். ஆசைப்பட்டது அவர்களா, அவளா என்று எனக்குத் தெரியும். நான் சடையாண்டியிடம் சொன்னேன். "காலையில எறங்கி மோட்டார இன்னொரு பைப் அளவுக்கு கீழ விட்டுர்றேன். ஒயரு எட்டாது, ஒட்டுப் போட்டுக்குவோம். நீங்க வெசனப்படாதீக" என்றார். அடுத்த நாள் அவருடைய முறை. அவருடைய முறையில், என் விருந்தாளிக்காக, அவர் இறங்குவதாகச் சொன்னார். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மார்க்கெட்டில் அன்றைக்குப் பூ சீக்கிரம் போகவில்லை. அவர் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. ரம்ஜான் பீவி ஜும்மா முடிந்து வருவதாகச் சொன்னவள், ஆண்களைப் பள்ளிவாசலுக்கு அனுப்பிவிட்டு, பெண்களோடு முன்கூட்டியே காரில் வந்து இறங்கிவிட்டாள். நான் அவர்களைக் கேபினுக்குள் உட்காரவைத்தேன். காலையில் தொட்டித் தண்ணீரை வைத்துக் குளிர் ஏற்றி வைத்திருந்தேன். அது கொஞ்ச நேரம் தாங்கியது. பாராட்டினார்கள். தோல் ஒட்டிய சுவரைத் தடவிப் பார்த்தார்கள். சம்பந்தியம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்து, கடலுக்குப் பதில் சம்பங்கித் தோட்டம் தெரிகிறது, அதுவும் அழகுதான் என்றார். நான் மயங்கிவிட்டேன். தாளிச்சாவை என் கையாலேயே பரிமாறினேன்.

அப்புறம் ஏசி அணைந்தது. அணைந்த சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது. பிரியாணி ஆவியும் ஆட்கள் மூச்சும் சேர்ந்து கேபின் வேகமாகச் சூடானது. ஆண்டனிராஜ் அத்தனை நன்றாக இடுக்கெல்லாம் அடைத்திருந்தான். ரம்ஜான் பீவி ஏதாவது சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அவள் ஒரு காலித் தட்டை எடுத்தாள். சம்பந்தியம்மாளைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தட்டால் விசிறிக்கொள்ளத் தொடங்கினாள்.

"இருங்க, இதோ வாரேன்" என்று சொல்லிவிட்டு நான் கிணற்றடிக்குப் போனேன்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் டவுனில் வளர்ந்த பிள்ளை, தெரிந்திருக்காது. பங்குக் கிணற்றில் இறங்குகிறவர் தன் தலைத்துண்டை மேலே இருக்கிற மோட்டார் சுவிட்சுப் பெட்டியின் கைப்பிடியில் கட்டிவிட்டு இறங்குவார். துண்டு இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். அவர் மேலே வந்து தன் கையால் அவிழ்க்கிறவரை வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள். பகையாளிகூடத் தொட மாட்டான். துண்டு இல்லாவிட்டாலும் மோட்டார் போடுகிறவர் கிணற்று விளிம்பில் நின்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் போடுவார்.

அன்றைக்கு நான் உங்களிடம் சொன்னது, பெட்டியில் துண்டு இல்லை, குரல் கொடுத்தேன், பதில் இல்லை, மோட்டாரைப் போட்டேன் என்பது. நீங்கள் நம்பினீர்கள். ஊரும் நம்பியது. பிரியாணிக் கடைக்கார அம்மா பாவம், மனசு ஒடிஞ்சு போச்சு என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். துண்டு கட்டாமல் இறங்கினான் சடையாண்டி என்பதுதான் ஊர்ப் பேச்சு. இப்போது இளவட்டங்கள் கிணற்றில் இறங்கப் போனால், சடையாண்டி மாதிரி கூறுகெட்டுப் போய் இறங்காதே என்று புத்தி சொல்கிறார்கள். போன வாரம் பொன்னழகு என் கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டே தன்னால் பேசிக்கொண்டிருந்தாள். ஆமாம், அவள் இப்போது என்னிடம்தான் வேலை பார்க்கிறாள். தண்ணீரில்லாமல் பூ போய்விட்டது. நான்தான் கூப்பிட்டு வைத்துக்கொண்டேன், என்னாலானது. "ஒரு துண்டக் கட்ட ஒனக்குக் கை வலிச்சுச்சா, கூறுகெட்ட மனுசா" என்று குழாயடியில் உட்கார்ந்து அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். என்னால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. செய்கிற வேலையைச் சுத்தமாகச் செய்த மனிதரை அவர் பெண்சாதியே குறை சொல்வது நியாயமில்லை.

அவர் கட்டியிருந்தார், தாயி.

இந்தப் பையில் இருப்பது அந்தத் துண்டுதான். துவைத்திருக்கிறேன். அது தப்பு என்று நீங்கள் முகத்தைச் சுளிக்கிறீர்கள். அழுக்குத் துணியை அடுத்தவர் கையில் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.

நான் போனபோது துண்டு கைப்பிடியில் இருந்தது. விளிம்புக்குப் போய்க் குரல் கொடுத்தேன். பதில் வந்தது.

"அக்காவா? இருக்கேன்க்கா. மோட்டாரக் கீழ விட்டாச்சு. ஒட்டுப் போட்ட எடம் தண்ணிக்குள்ள கெடக்கு, அதத் தூக்கிக் கட்டிட்டு வாரேன். செத்த நேரம்."

எட்டிப் பார்த்தேன். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். பல்லில் டேப்பைக் கடித்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். கிணற்றுக்குள் அத்தனை குளிர்ச்சியாக இருந்தது. அந்தக் குளிர்ச்சி எல்லாம் அங்கே யாருக்கும் பயனில்லாமல் கிடக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. அதை நினைத்து என்னையே பிறகு கடிந்துகொண்டேன்.

"சரி அப்பு, பாத்து வா" என்றேன்.

கேபின் அங்கிருந்து தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் அந்தத் தட்டு அசைந்துகொண்டிருந்தது. இப்போது சம்பந்தியம்மாள் கையிலும் ஒரு தட்டு இருந்தது.

துண்டின் முடிச்சு இறுக்கமாக இருந்தது. பூ மூட்டை கட்டுகிறவர் போட்ட முடிச்சு. நகத்தால் நெம்பி நெம்பித்தான் அவிழ்க்க முடிந்தது. கோபத்தில் செய்துவிட்டேன், கண் மண் தெரியவில்லை என்று சொன்னால் உங்களுக்கு எழுத வசதியாக இருக்கும். அந்த முடிச்சை அவிழ்க்கப் பிடித்த நேரத்துக்கு யாருக்கும் கோபம் தாங்காது. ஒட்டுப் போட்டவர் சடையாண்டி, அவர் கை வேலை பிசகாது, தண்ணீருக்குள் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன். அவர் வேலையின் மேல் அவருக்கே இல்லாத நம்பிக்கை எனக்கு இருந்தது. துண்டை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டேன். பச்சைப் பொத்தானை அமுக்கினேன்.

கிணற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வந்திருந்தால் மோட்டார் சத்தத்தில் கேட்டிருக்காது. நான் விளிம்புக்கு மறுபடி போகவில்லை.

திரும்பி வந்தபோது படகின் விலாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. வெயிலில் கண்ணாடி மாதிரி மின்னியது. சம்பந்தியம்மாள் ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கைதட்டினார். உள்ளே குளிர் இறங்கத் தொடங்கியிருந்தது. ரம்ஜான் பீவி தட்டைக் கீழே வைத்தாள்.

"இப்பத்தாண்டி நஸீரா கப்பல் மாதிரி இருக்கு" என்றாள்.

அவள் அதை மனதாரச் சொன்னாள். எனக்கு அவள்மேல் அப்போது உண்மையாகவே பிரியம் வந்தது. இன்னும் ஒரு கரண்டி வைத்தேன். போதும் போதும் என்று கையை மறித்தாள், நான் விடவில்லை. நிதானமாகச் சாப்பிட்டார்கள். கதை பேசினார்கள். பிர்னி கொண்டுவரச் சொன்னேன். பள்ளிவாசலிலிருந்து ஆண்கள் வந்து சேர்ந்து, அவர்களும் உள்ளே உட்கார்ந்து, குளிர் நல்லா இருக்கு என்று சொல்லி எழுந்து கை கழுவினார்கள். காரை ரோடு வரை போய் அனுப்பிவைத்துவிட்டு வந்து மோட்டாரை நிறுத்தினேன். அப்போதுதான் பொன்னழகு தூக்குச்சட்டியில் கஞ்சியோடு வரப்பில் வந்துகொண்டிருந்தாள்.

நடுவிலேயே ஒரு தடவை நிறுத்திப் பார்த்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கேட்பீர்கள் என்று தெரியும், நியாயமான கேள்விதான். ஆனால் விருந்தாளி கை கழுவி எழுந்திருப்பதற்கு முன்னால் ஏசியை நிறுத்துவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை, தாயி.